நாற்பத்து மூன்று நிமிட ஒட்டு

ஞானசிகாமணிக்குக் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயராகி வீட்டோடு வந்த மனிதர், மூன்றாவது வாரமே மிக்ஸியைக் கழற்றினார். அது மறுபடி ஓடவில்லை. "அதை விட்டுட்டு வேற எதையாச்சும் நோண்டுங்க, புண்ணியமாப் போகும்" என்று அவர் மனைவி பொற்கொடி சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். அந்தப் பேச்சில் ஆரம்பித்ததுதான் இத்தனையும்.

அந்தச் சமயம் பாலிடெக்னிக்கில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சிகாமணி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு டி.வி. கார்டு செருகினார், பெரிய ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு மாட்டினார், கேபிள் வயரைப் பிரித்து ஒரு கிளையை அதற்குக் கொடுத்தார். கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம் தெளிந்த ஒரு பழைய மாணவனிடமிருந்து கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் கிடைத்தது. பத்து நாளில், எந்தச் சேனலில் எந்த நேரத்துக்கு என்ன வந்தாலும் தானாகப் பதிவு செய்து வைக்கும் ஒரு பெட்டி தயார். ஃபேன் மட்டும் ஆஸ்துமாக்காரர் மாதிரி இரைந்தது. பொற்கொடியின் சாயங்கால சீரியல்கள் ஆறும், உள்ளூர் கேபிள் சேனலில் வரும் கோயில் விசேஷம், கபடிப் போட்டி, காதுகுத்து வரைக்கும் எல்லாமே அதற்குள் போய்ச் சேர்ந்தன.

மழை வந்தால்தான் வம்பு. சிக்னல் விட்டுவிட்டு வரும், படம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதற்கும் சிகாமணி ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கேயோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த ஒரு புரோகிராம்.

"இது என்ன பண்ணும்?" என்று கேட்டாள் பொற்கொடி.

"கிழிஞ்ச இடத்துல ஒட்டுப் போடும். முன்னாடி என்ன படம் இருந்துச்சு, பின்னாடி என்ன வந்துச்சுன்னு பார்க்கும். இதுவரைக்கும் பதிவு பண்ணின எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்கும் பாரு, அதை வச்சு நடுவுல என்ன இருந்திருக்கும்னு கணக்குப் போட்டு அதுவே படம் போட்டுரும். குரலும் அதுவே குடுத்துரும்."

"இருந்திருக்கும்னா? நெசமா இருந்துச்சா, இல்லையா?"

"உனக்குப் பார்க்கக் கோர்வையா வந்தாப் போதும்ல. எல்லாம் ஒண்ணுதான்."

அந்தப் புரோகிராமில் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று, அதிகபட்சம் எத்தனை விநாடிக்கு ஒட்டுப் போடலாம் என்பது. எழுதியவன் விவரமானவன், இரண்டு விநாடி என்று வைத்திருந்தான். இன்னொன்று, ஒட்டுப்போட்ட இடம் ஓடும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கோடு காட்டுவது. அந்தக் கோடு கண்ணை உறுத்துகிறது என்று பொற்கொடி சொன்னாள். சிகாமணி அதை எடுத்துவிட்டார். கார்த்திகை மாசத்து அடைமழையில், கதாநாயகி விஷம் கலந்த பாலைக் கையில் வாங்கிய நேரமாகப் பார்த்து இருபது நிமிஷம் சிக்னல் போய்விட்டது. பொற்கொடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுநாளே சிகாமணி அந்த இரண்டு விநாடியையும் எடுத்துவிட்டு 'எல்லை இல்லை' என்று வைத்தார். பிறகு இன்னொரு மழை நாளில் கால் மணி நேரம் சிக்னல் போனபோது பெட்டி தானாக ஒரு கால் மணி நேர சீரியலை எடுத்துக் கொடுத்தது. பொற்கொடி அதைப் பார்த்து அழுதாள். அடுத்த நாள் முன்கதைச் சுருக்கத்தில் வந்ததும் ஏறத்தாழ அதேதான்.

"இதுக்கு அந்த டைரக்டரே தேவையில்ல போலயே" என்று சிரித்தாள்.

சிகாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒட்டு விஷயத்தை மட்டும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. மழையிலும் தன் பெட்டி பிசகாமல் பதிவு செய்யும் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே என்று விட்டுவிட்டார்.

மேலச்சாலூர் அம்மன் தேர் பங்குனியில் ஓடும். தேர் எந்தத் தெருவுக்குள் நுழைகிறதோ அந்தத் தெருவுக்குக் கரண்டை நிறுத்திவிட்டுக் குறுக்கே போகும் வயர்களை இறக்கிவிடுவார்கள். தேர் தாண்டிய பிறகு மறுபடி ஏற்றிக் கட்டுவார்கள். இது ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சிகாமணியின் வீடு தெற்கு ரத வீதி முக்கிலேயே இருப்பதால், அந்த வருஷம் அவர் முன்யோசனையாகப் பெட்டிக்கும் டி.வி.க்கும் இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் இழுத்து வைத்தார். கேபிள் சேனல்காரர்கள் முக்கில் இருந்த ஜவுளிக்கடை மொட்டைமாடியில் ஒரு கேமராவைக் கட்டிவைத்து, தேர் திரும்புவதை நேரடியாக ஒளிபரப்பினார்கள். பெட்டியில் நேரத்தைக் குறித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிகாமணி வடம் பிடிக்கப் போனார்.

தேரை இழுப்பது ஆயிரம் பேர். அதை நிறுத்துவதும் திருப்புவதும் நாலே பேர். ஆள் உயரக் காம்பு வைத்த மரக்கட்டையை ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கொடுக்க வேண்டும். முந்தினால் தேர் குலுங்கும், பிந்தினால் தேர் கேட்காது. இடது முன்சக்கரத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கட்டை போடுகிறவர் மரமில்லில் வேலை பார்க்கும் காத்தமுத்து. அதிகம் பேசாத மனுஷன். தேருக்கு முந்தின ஒரு வாரம் கவிச்சி தொடமாட்டார், செருப்புப் போடமாட்டார்.

சிகாமணி வடத்தின் முன்னணியில் இருந்தார். தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் இருந்தவரின் ஈரமான முதுகைப் பார்த்தபடி இழுத்தார். தேர் முக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து படார் என்று ஒரு சத்தம் கேட்டது. வடம் ஒரு வெட்டு வெட்டி உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. அப்புறம்தான் அலறல். கூட்டம் தள்ளிய தள்ளில் அவர் மேற்கு வீதி வரைக்கும் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து, சட்டை கிழிந்து வீடு வந்து சேர்ந்தார்.

"பொற்கொடி, தேரு சொவத்துல ஏறிருச்சு. ஒரு பையன் போயிட்டான். படார்னு ஏதோ முறிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு, அப்புறம் வடம் வெட்டுச்சு, அவ்வளவுதான் தெரியும் எனக்கு."

அவள் கையைப் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டாள்.

இறந்தவன் சந்தனகுமார். கொத்தனார், இருபத்து நாலு வயது, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஊரே வாயடைத்துப் போயிருந்தது. எப்படி நடந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. "கட்டையை வச்சேன், அது பிளந்துருச்சு" என்றார் காத்தமுத்து. பிளந்த கட்டை எங்கே என்றால் இல்லை. அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது, அத்தனை பேரும் படம் பிடித்தார்கள், எல்லாவற்றிலும் தேரின் உச்சியும் அம்மன் முகமும்தான். சக்கரத்தை எவன் படம் பிடிப்பான்? கேபிள்காரர்கள் நேரடி ஒளிபரப்பைச் சேமித்து வைக்கும் வழக்கமே இல்லை என்று கையை விரித்தார்கள். வீட்டில் இருந்து டி.வி.யில் பார்த்தவர் உண்டா என்று போலீஸ் விசாரித்தது. தேரன்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்று எவன் வெளியே சொல்வான்?

அப்போதுதான் ஒருத்தர் சொன்னார், "நம்ம சிகாமணி சார் பெட்டி இருக்கே."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி நாற்காலியில், கோயில் கமிட்டிக்காரர்கள் பாயில், மற்றவர்கள் வாசற்படி வரைக்கும் நின்றுகொண்டு. பொற்கொடி அடுப்படியில் அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சிகாமணி ரிமோட்டை அழுத்தினார்.

படம் பளிங்கு மாதிரி இருந்தது. தேர் முக்குக்கு வருகிறது. காத்தமுத்து கட்டையோடு குனிகிறார். குனிந்தவர், யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்புகிறார். கை அப்படியே நிற்கிறது. அவர் முகம் திரை முழுக்கத் தெரிகிறது, ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னுமொரு தடவை. சக்கரம் கட்டை இல்லாத தரையில் உருண்டு போகிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் சுவரோரம் ஒதுங்கப் பார்க்கிறான்.

சந்தனகுமாரின் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அடப்பாவி, எங்கடா பராக்குப் பார்த்தே" என்று யாரோ சொன்னார்கள். காத்தமுத்துவை அன்றே கூட்டிக்கொண்டு போனார்கள். பதிவைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டர், "நீங்க இல்லைன்னா இந்தக் கேஸ் ஒண்ணுமில்லாமப் போயிருக்கும் சார்" என்றார். சிகாமணி இரண்டு நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். உண்மையைச் சொன்னால் என்ன, அந்த இரண்டு நாளும் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் தோசை வரட்டி மாதிரி வந்தது.

"என்ன மாவு இது, நறநறன்னு?"

"தேரன்னைக்கு ஆட்டின மாவு. பாதியில கரண்ட் போயி கிரைண்டர் நின்னுருச்சு. இருக்கிறதை வழிச்சு வச்சேன்" என்றாள் பொற்கொடி. "சும்மா கெடக்கோமே, தேரையாவது பார்ப்போம்னு டி.வி.யைப் போட்டேன். நீங்க இன்வெர்ட்டர் குடுத்த லச்சணம், டி.வி. வந்துச்சு, படம் வரலை. வெறும் நீலமா நின்னுச்சு, 'சிக்னல் இல்லை'ன்னு. மாடிக்குப் போயிட்டேன், அங்கேர்ந்து அந்த வேப்பமரம் மறைக்குது."

சிகாமணி வாயில் வைத்த தோசையை விழுங்கவில்லை.

"எப்ப?"

"தேரு முக்குக்கு வந்தப்பத்தான். ஏன், பெட்டிக்குக் கரண்ட் குடுத்தா ஆச்சா? போஸ்ட்ல தொங்குதே கேபிள்காரன் டப்பா, அதுக்கு எவன் பேட்டரி வச்சான்?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பெட்டி தன் வேலைகளையெல்லாம் ஒரு மூலையில் வரிவரியாக எழுதி வைக்கும், அதை யாரும் படிப்பதில்லை. தேர் நாளுக்கான வரி இருந்தது. சிக்னல் நின்றது பத்து முப்பத்தொன்று. சிக்னல் வந்தது பதினொன்று பதினாலு. போட்ட ஒட்டு, நாற்பத்து மூன்று நிமிடம்.

மறுபடி ஓட்டிப் பார்த்தார். முப்பத்தொன்று வரைக்கும் தேர் வருகிறது. பதினாலுக்கு மேல் தேர் சுவரில் சாய்ந்து நிற்கிறது, தெருவெல்லாம் செருப்பு, போலீஸ். முன்னும் தெரியும் பின்னும் தெரியும். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பெட்டியே யோசித்திருக்கிறது. காத்தமுத்துவின் முகம் போன வருஷத் தேரிலிருந்து அதற்குத் தெரியும். மொட்டைமாடிக் கேமரா கம்பியில் வைத்துக் கட்டியது, அசையாது, கிட்டே போகாது. அப்படியிருக்க அந்த முகம் எப்படி மூன்று தடவை திரை முழுக்க வந்தது? பெட்டி படித்த பாடம் பொற்கொடியின் ஆயிரத்து அறுநூறு எபிசோடுகள். அதில் எதிலாவது ஓர் உயிர் போய், அதற்கு யாரும் காரணமில்லை என்று முடிந்ததுண்டா? கெட்டது நடந்தால் அதற்கு ஒருத்தன் வேண்டும், அவன் மூஞ்சியை மூன்று தடவை காட்ட வேண்டும். அது கற்றுக்கொண்டதைச் செய்திருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிக்னல் வந்த பிறகு, நிஜமான படத்தில், சாக்கடை ஓரத்தில் ஒரு கட்டை கிடந்தது. நடுவாக்கில் பிளந்த பாதிக் கட்டை. ஒரு காக்கிக் கால் அதை மிதித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"அவரு வச்சிருக்காரு பொற்கொடி" என்றார் சிகாமணி. "வச்சிருக்காரு. கட்டைதான் பிளந்திருக்கு. நான்தான் அந்த மனுஷனைப் பிடிச்சுக் குடுத்துட்டேன்."

பொற்கொடி திரையின் மூலையைப் பார்த்தாள். பிறகு, "அந்த மஞ்சக் கோட்டை நான்தான எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

கிளைச் சிறையில் பார்க்க விடும் நேரம் பத்து மணி. காத்தமுத்துவின் மனைவி சீனியம்மாள் கம்பிக் கதவுக்கு முன்னால் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். சிகாமணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல மெல்லத் திரும்பினாள். முழுக்கப் புரிந்ததோ இல்லையோ, அந்தப் படம் பொய் என்பது மட்டும் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை அவருகிட்டச் சொல்லுங்க சார், சோறே எறங்கலை அவருக்கு" என்றாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் காத்தமுத்து நாலு நாளில் பாதியாகியிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் படம் பொய். மிஷின் தானா வரைஞ்சது. நீங்க கட்டையை வச்சீங்க, அது பிளந்துருச்சு. மொதல்ல நீங்க சொன்னதுதான் நெசம்" என்றார் சிகாமணி.

காத்தமுத்து கம்பிக்குக் கிட்டே வந்தார்.

"மொதல்ல நானும் அப்படித்தான் சார் நெனைச்சேன். வச்சதாத்தான் எனக்கு நெனைப்பு. ஸ்டேஷன்ல போட்டுக் காட்டினாங்க. அதுக்கு மேல எப்படிச் சார்? என் மூஞ்சிதான அது. என் கைதான."

"உங்க மூஞ்சிதான். ஆனா நடந்தது அது இல்ல."

"நடக்காததை அது ஏன் சார் வரையணும்? அதுக்கு என் மேல என்ன கோவம்?" அவர் இதை நிஜமாகவே கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கண்ணை மூடினா இப்ப எல்லாம் தெளிவாத் தெரியுது சார். குனியிறேன். யாரோ கூப்பிடுறாங்க, திரும்புறேன். யாரு கூப்பிட்டதுன்னுதான் ஞாவகத்துக்கு வரமாட்டேங்குது. ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலான்னு ராப்பகலா யோசிக்கிறேன். அந்தப் பையன் ஆத்தாகிட்ட நான் என்னன்னு சொல்றது? ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன் சார். போட்ட பொறவுதான் கொஞ்சம் நெஞ்சு லேசாச்சு."

சீனியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சிகாமணி அவளுக்கு வாக்குக் கொடுத்தார், எப்பாடு பட்டாவது வெளியே கொண்டுவருகிறேன் என்று.

அன்று மத்தியானமே இன்ஸ்பெக்டரை வீட்டுக்கு அழைத்து வந்தார். மங்கையர்க்கரசி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி பதிவு செய்துகொண்டிருந்தது. சிகாமணி பின்னால் போய்க் கேபிளைப் பிடுங்கினார். இரண்டு நிமிடம் கழித்துச் செருகினார். "இப்பப் பாருங்க மேடம்" என்று பதிவை ஓட்டினார்.

செய்தி வாசிக்கும் பெண் வாசித்துக்கொண்டே இருந்தாள். மழை நிலவரம் சொன்னாள். தாளைத் திருப்பினாள். மேலச்சாலூர் தேர் விபத்து வழக்கில் கட்டை போட்டவருக்கு ஏழு ஆண்டு சிறை என்றாள். அவள் குரலில் பிசிறே இல்லை. பிறகு அதே தாளிலிருந்து விளையாட்டுச் செய்திக்குப் போனாள்.

பொற்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பதிவை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"இதையா நான் கோர்ட்டுக்கு அனுப்பினேன்" என்றார் கடைசியில்.

"வீடியோ பொய்யின்னு நீங்களே எழுதிடலாம்ல மேடம்? அந்தப் பாதிக் கட்டையும் இருக்கு."

"எழுதுறேன். நாளைக்கே எழுதுறேன். ஆனா கட்டை ஒண்ணுக்கும் ஆகாது சார். அன்னைக்கு இருபது கட்டைக்கு மேல புழங்கியிருக்கு, அது எந்தக் கட்டைன்னு வக்கீல் கேப்பாரு. அதைவிட ஒரு சங்கடம் இருக்கு." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விபத்து நடந்த அன்னைக்கு மத்தியானம் நான் பதினேழு பேரை விசாரிச்சேன். பதினேழு பேரும் எதையும் பார்க்கலைன்னாங்க. வீடியோ வந்ததுக்கு அப்புறம் அதே ஆளுங்கள்ல பதினோரு பேர் வந்து, காத்தமுத்து பராக்குப் பார்த்ததைக் கண்ணால பார்த்தோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் இருபது வருஷமாப் பொய் கேக்குறவ. அவங்க யாரும் பொய் சொல்லலை சார். வீடியோவை நான் வாபஸ் வாங்கலாம். அவங்க பார்த்ததை யாரு வாபஸ் வாங்குறது? போதாததுக்கு அந்த ஆளே ஒத்துக்கிட்டாரு."

"ஏங்க" என்றாள் பொற்கொடி. "படார்னு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்களே. வீட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல அதைத்தான சொன்னீங்க. படம் பார்க்கிறதுக்கு முன்னாடியே."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம் கேட்டீங்களா? அலறலுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். சத்தம் கேட்டுச்சு, அப்புறம் வடம் வெட்டுச்சுன்னாரு. நான் கைக்கு மஞ்சப் பூசினேன்" என்றாள் பொற்கொடி.

"அது கட்டை பிளந்த சத்தம். வேற எதுவும் அப்படி முறியலை அன்னைக்கு." இன்ஸ்பெக்டர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. "அம்மா, நீங்க சொன்னா அது கேள்விப்பட்டதாத்தான் ஆகும். கேட்டவரு வாயிலேர்ந்து வரணும். சார், காலையில ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்க. காத்தமுத்துவைத் தவிர, வீடியோவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் சொன்ன ஒரே வார்த்தை இதுதான். இது ஒண்ணு போதும், அந்த ஆளைக் காப்பாத்திடலாம்."

மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் சிகாமணி குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அவர் ராத்திரியே விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருந்ததால், வாசல் பெஞ்சில் சீனியம்மாள் அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். அவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

மங்கையர்க்கரசி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் ஆனது.

"தேர் இழுக்கிறப்போ எங்க இருந்தீங்க?"

"வடத்துல. முன்னணியில."

"சரி. முக்குத் திரும்பினப்போ என்ன ஆச்சுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க. அவசரமில்லை."

சிகாமணி கண்ணை மூடினார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாசகம் நாக்கிலேயே இருந்தது. படார் என்று சத்தம் கேட்டது. ஆனால் அந்தச் சத்தத்தைத் தேடினால் அது கிடைக்கவில்லை. பொற்கொடி சொன்ன 'படார்' என்ற சொல்தான் அவள் குரலில் கிடைத்தது. முன்னால் இருந்தவரின் ஈர முதுகைத் தேடினார். அவர் என்ன நிறச் சட்டை? சட்டை போட்டிருந்தாரா? உள்ளங்கையைப் பார்த்தார், அங்கே தோல் உரிந்து காய்ந்த தழும்பு இருந்தது. எப்போது உரிந்தது என்று ஞாபகம் இல்லை. தேர் வந்தது. அது தெளிவாக, பளிங்கு மாதிரி வந்தது.

"தேரு முக்குக்கு வந்துச்சு" என்றார். "சக்கரம் திரும்புது. காத்தமுத்து கட்டையோட குனிஞ்சாரு. குனிஞ்சவரு, யாரோ கூப்பிட்ட மாதிரி..."

பேனா எழுதுவது நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

"சார்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "நீங்க முன்னணியில இருந்தீங்க. உங்க முதுகு தேரைப் பார்த்து இருந்துச்சு."

"ஆமா."

"அப்ப எப்படிப் பார்த்தீங்க?"

"பார்க்கலை. நான் பார்க்கலை மேடம். அது பெட்டியில பார்த்தது. எனக்குத் தெரியும். அடிச்சிருங்க அதை." சிகாமணி தாளின் பக்கம் குனிந்தார். "சத்தம் கேட்டுச்சு. படார்னு. அதை எழுதுங்க."

"கேட்டுச்சா சார்? இல்ல, கேட்டுச்சுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது, வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு சத்தம் மட்டும் அவருக்குள் எங்கேயும் இல்லை. கண்ணை மூடினால் காத்தமுத்துவின் முகம் வந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னுமொரு தடவை.

மங்கையர்க்கரசி எழுதிய இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"அடிச்சிட்டேன். ஆனா கூண்டுல ஏத்தி நிறுத்திக் கேப்பாங்க சார். அப்ப உங்க வாயில எது வரும்?"

சிகாமணி எழுந்து வெளியே வந்தார். வெயிலில் கண் கூசியது. சீனியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்தாள்.

"கேட்டதைச் சொல்லிட்டீங்களா சார்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"சொல்லிட்டேம்மா" என்றார்.